கட்அவே கிட்டார்: பக்கப் பலகை கொம்பில் உடைவது ஏன்?

ட்ரெட்நாட் எனப்படும் சாதாரண, பெரிய உடல் கொண்ட கிட்டாரின் பக்கப் பலகையை வளைக்கும்போது பதறவைக்கும் இடம் ஒன்றே ஒன்று, உடல் நடுவில் ஒடுங்கும் இடுப்பு. அதுவும் அகலமான வளைவுதான். கட்அவே வைத்த கிட்டாரில் கதை வேறு. மேல் ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) கை எட்டவேண்டும் என்பதற்காக உடலின் ஒரு தோளைக் குடைந்து எடுக்கிறோம். அந்தக் குடைவுக்காக, அதே பலகை முதலில் ஒரு சிறு கொம்பைச் சுற்றி வெளிப்புறமாக வளைந்து, உடனே எதிர்த்திசையில் உள்வளைந்து கழுத்தைப் போய்ச் சேர வேண்டும். வெனீஷியன் என்று சொல்லப்படும் உருண்டை கட்அவேயில் கொம்பின் உள் ஆரம் 30 மி.மீ. அளவில்தான் இருக்கும். உடையும் பலகைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் உடைகின்றன. ஆனால் அதற்கான காரணம் பெரும்பாலும் சூட்டுக்கு முன்பே, இழைப்பு மேசையிலேயே நடந்து முடிந்திருக்கும்.

கணக்கைப் பாருங்கள். 2.2 மி.மீ. தடிமனுள்ள பலகையை 30 மி.மீ. உள் ஆரத்தில் வளைத்தால் அதன் வெளிமுகம் சுமார் 3.5% நீள வேண்டும். உள்முகம் அதே அளவு அமுங்க வேண்டும். ஈரமும் சூடும் ஏறிய மரம் அமுங்குவதில் தாராளம், நீள்வதில் மகா கஞ்சம். 1 அல்லது 2% தாண்டினாலே இழை கிழியும். தடிமனை 1.8 மி.மீ. ஆக்கினால் தேவைப்படும் நீட்சி 2.9% ஆகக் குறைகிறது. மிச்சத்தை உள்முகம் அமுங்கித்தான் ஏற்க வேண்டும். அதற்காகத்தான் வெளிப்பக்கம் மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் தகடு வைத்து, பலகையோடு இறுக ஒட்டிவரும்படி வளைக்கிறோம். தகடு இழைகளைத் தூக்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வெறும் கையால் இழுத்து வளைத்தால் மரம் நீள மட்டுமே செய்யும். இழுக்காமல் அமுக்கி வளைப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

தடிமனைக் குறைப்பதால் இன்னொரு லாபமும் உண்டு. விறைப்பு தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறி இறங்கும். 2.2 மி.மீ. 1.8 ஆனால் விறைப்பு கிட்டத்தட்ட பாதியாகிவிடும். எனவே பலகை முழுவதும் 2.1 முதல் 2.2 மி.மீ. வைத்துக்கொண்டு, கொம்பும் உள்வளைவும் வரும் பகுதியை மட்டும் 1.8க்கு இறக்குங்கள். திடீரென்று இறக்காமல் 50 மி.மீ. தூரத்தில் படிப்படியாக இறக்க வேண்டும். படிபோல் விட்டால் வளைவு சரியாக அந்தப் படியில் மடங்கும். உட்பக்க முகத்திலிருந்தே இழைக்க வேண்டும். 1.6க்குக் கீழே போகாதீர்கள். வளைத்த பிறகு உப்புத்தாள் தேய்த்தே 0.1, 0.2 மி.மீ. போய்விடும். இழைக்கும்போது ஒரே இடத்தில் காலிப்பர் வைத்துத் திருப்தி அடைய வேண்டாம். மேல் விளிம்பு, நடு, கீழ் விளிம்பு என்று மூன்று இடத்திலும் பாருங்கள். விளிம்பு மெலிந்து நடு தடித்திருந்தால் பலகை குழிந்து வளையும்.

இழைக்கும் முன் கவனிக்க வேண்டியது இழை ஓட்டம். பலகையின் முகத்தில் கோடுகள் நேராகத் தெரிவதைப் பார்த்து ஏமாறுகிறவர்கள் நிறையப் பேர். முகம் சொல்லாததை விளிம்பு சொல்லும். பலகையைக் குத்தாக நிறுத்தி, விளிம்பில் இழை எப்படிப் போகிறது என்று பாருங்கள். 100 மி.மீ. நீளத்தில் 3 மி.மீ. விலகினால், 2 மி.மீ. தடிமனில் ஓர் இழை 67 மி.மீ.க்குள் ஒரு முகத்தில் நுழைந்து மறுமுகத்தில் வெளியேறிவிடும். கொம்பில் சிம்பு கிளம்புவது அந்த வெளியேறும் இடத்தில்தான். கண்ணுக்குப் பிடிபடாவிட்டால், வெட்டி எறியும் துண்டில் ஒரு குச்சியைக் கத்தியால் பிளந்து பாருங்கள். பிளவு இழையோடுதான் ஓடும். ஜோடிப் பலகைகளில் இழை நேராக உள்ளதையே கட்அவே பக்கத்துக்கு ஒதுக்குங்கள்.

ஈட்டி மரம் இந்த வேலைக்கு உலகமெங்கும் விரும்பப்படுவதற்குக் காரணம் அதன் ஓசை மட்டுமல்ல. அதிலுள்ள பிசின் சூட்டில் இளகி, சொன்னபடி வளைந்துகொடுக்கும். நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரம் இது. அமெரிக்காவிலோ ஸ்பெயினிலோ செய்த கிட்டாரின் பக்கத்தில் ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்று இருந்தால் அது நம்முடைய ஈட்டிதான். மஹோகனி அவ்வளவு இணங்காது. அலை அலையாக மின்னும் மேப்பிள்தான் பெரிய சோதனை. அந்த அலைகளில் இழை முகத்தை நோக்கி ஏறி இறங்குவதால், ஒவ்வொரு அலையும் உடையக் காத்திருக்கும் இடம். முதல் கட்அவேயை அந்த மேப்பிளில் முயல்வது வீண் துணிச்சல். அந்த மரம்தான் வேண்டுமென்றால் கூர்முனை கொண்ட ஃபுளோரன்டைன் கட்அவே செய்யுங்கள். குடைவுப் பகுதி தனித் துண்டாகவே வளைந்து முனையில் ஒட்டப்படும். இறுக்கமான கொம்பு வளைவே அதில் கிடையாது. பதிலுக்கு, முனை ஒட்டில் மயிரிழை இடைவெளி இருந்தாலும் பல்லைக் காட்டும்.

வெட்டும் நீளத்தையும் பழைய பழக்கத்தில் முடிவு செய்யக் கூடாது. கட்அவே பக்கம் மறுபக்கத்தை விட நீளம் கேட்கும். மோல்டின் (கிட்டார் உடலைப் பொருத்திச் செய்யும் அச்சு) உட்சுவரை ஒட்டி ஒரு காகிதப் பட்டையை ஓட்டி அளந்து, இரு முனையிலும் 25 மி.மீ. கூடுதல் வையுங்கள். இடுப்பின் நடு, கொம்பின் உச்சி, உள்வளைவின் ஆழம் ஆகிய மூன்றையும் வெள்ளைப் பென்சிலால் குறியுங்கள். ‘உள்’, ‘வெளி’, ‘பின்பலகைப் பக்கம்’ என்று எழுதியும் வையுங்கள். அனுபவசாலிகளும் சறுக்கும் இடம் இது. முகம் மாற்றி வளைத்தால், பழுதே இல்லாத ஓர் இடதுகைக் கிட்டாரின் பக்கம் கையில் இருக்கும். முதுகுப் பக்க விளிம்பின் சரிவை வளைக்கும் முன் வெட்டாதீர்கள். உடலின் ஆழம் கழுத்தை நோக்கிக் குறைந்துகொண்டே போகும். ஆனால் கொம்பைச் சுற்றும் பலகை அந்த வழியில் நேராகப் போவதில்லை. விரித்த பலகையில் நேர்கோடு போட்டு வெட்டியவர்களுக்குக் கொம்பருகே ஆழம் பற்றாமல் போகும்.

இனி சூடு. அமெரிக்க கிட்டார் தச்சர் சார்லஸ் ஃபாக்ஸ் 1970களில் உருவாக்கிய வளைப்பு இயந்திரத்தின் அமைப்பைத்தான் இன்று பலரும் பின்பற்றுகிறார்கள். ஒரு மர வடிவம், இடுப்பை அழுத்த ஒரு திருகு, வளைவுகளை இறக்க ஸ்பிரிங் இழுக்கும் உருளைகள். கட்அவேக்கு மட்டும் உள்வளைவுக்குப் பொருந்தும் தனி அழுத்துக் கட்டையும் வேண்டும். அடுக்கும் வரிசை கீழிருந்து மேலாக: தகடு, ஈரப் பழுப்புக் காகிதம், பலகை, மறுபடி காகிதம், தகடு, சிலிக்கான் ஹீட்டிங் ஷீட், கடைசியாக இன்னொரு தகடு.

தண்ணீர் குறைவாகவே போதும். ஈட்டிக்கு ஒவ்வொரு முகத்திலும் இரண்டு மூன்று தெளிப்பு. தொட்டியில் இரவெல்லாம் ஊறப்போடுவது பழைய தவறு. சாயம் இறங்கும், பலகை குழியும், முகம் அலையலையாக எழும்பும். 120 டிகிரி செல்சியஸ் வந்து ஆவி கிளம்பியதும் இடுப்பை மெதுவாக இறக்குங்கள், ஆனால் கடைசித் திருகை மிச்சம் வையுங்கள். அடுத்து கீழ்ப் பெருவளைவு, பிறகு கொம்பு. 150 டிகிரியில் உள்வளைவுக் கட்டையைத் திருகுங்கள், இடுப்பை முடியுங்கள். ஆவி வருவது நிற்பதற்குள், அதாவது ஐந்தாறு நிமிடத்துக்குள் எல்லா வளைவும் முடிந்துவிட வேண்டும். காய்ந்த மரம் அப்பளம் மாதிரி. கொம்பில் திருகும்போது கை எதிர்ப்பை உணர்ந்தால் நிறுத்தி, பத்து விநாடி சூடு ஏறவிட்டுக் கால் சுற்று மட்டும் திருகுங்கள். முடிந்ததும் 150இல் பத்து நிமிடம் பிடித்து அணைத்து, முழுதாக ஆறவிடுங்கள். மறுபடி ஒருமுறை 120க்குச் சூடாக்கி ஆறவிட்டால் பலகை விரிந்து திரும்புவது குறையும்.

ஹீட்டிங் ஷீட் இல்லாமல் 50 மி.மீ. குழாயில் கையால் வளைப்பவர்களுக்கு ஒரு சோதனை: குழாயில் தண்ணீர் தெளித்தால் சூடான தோசைக்கல்லில் போல உருண்டோடி மறைய வேண்டும். ஒட்டி நின்று கொதித்தால் சூடு போதாது. குழாயில் வளைக்கும்போதும் வெளிமுகத்தில் தகடு வைத்தே அமுக்குங்கள்.

சிம்பு கிளம்பினால் பதறி எதிர்ப்பக்கம் நிமிர்த்தாதீர்கள். சூடு இருக்கும்போதே தகட்டோடு சேர்த்துக் கட்டி ஆறவிட்டு, பிறகு தண்ணீர்போல் ஓடும் சூப்பர் க்ளூவை விரிசலுக்குள் விட்டு அழுத்துங்கள். உட்பக்கம் குறுக்கு இழையில் 0.6 மி.மீ. வெனீர் (மெல்லிய மரத்தாள்) ஒட்டினால் தாங்கும். ஆனால் விரிசல் முழுத் தடிமனையும் கடந்திருந்தால் பலகையை மாற்றுவதே நியாயம்.

ஆறியதும் மோல்டில் வையுங்கள். விரல் அழுத்தத்திலேயே சுவரோடு ஒட்டினால் சரி. கிளாம்ப் போட்டுத்தான் ஒட்டுகிறது என்றால், அந்த இறுக்கம் மேல்பலகை ஒட்டிய பிறகு வேலையைக் காட்டும். மோல்டிலிருந்து எடுத்ததும் கொம்பு விலகி நிற்கும். குழாயில் ஒருமுறை திருத்துங்கள், இல்லையேல் வளைப்பு வடிவத்தின் கொம்பு ஆரத்தை முதலிலேயே 1 மி.மீ. குறைத்துச் செய்யுங்கள்.

ஹீட்டிங் ஷீட்டை எதிலும் படியாமல் தொங்கவிட்டு ஆன் செய்யாதீர்கள், அந்த இடம் மட்டும் கருகும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே மேசையில் இருப்பதால் மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். நைலான் கையுறை கூடவே கூடாது, தோல் கையுறைதான். ஈட்டித் தூள் சிலருக்குத் தோலிலும் மூச்சிலும் ஒவ்வாமை உண்டாக்கும். அது நாள்பட நாள்படக் கூடத்தான் செய்யும். இழைக்கும்போது என்-95 முகக்கவசம் அணியுங்கள், வேலை முடிந்ததும் முழங்கைவரை கழுவுங்கள். ரசீது இல்லாத ஈட்டியை வாங்காதீர்கள். தமிழ்நாட்டில் இம்மரத்துக்கென்றே 1994இல் ஒரு பாதுகாப்புச் சட்டம் கொண்டுவரப்பட்டது. 2017 ஜனவரி முதல் இந்த மரத்தின் பேரினம் முழுவதுமே சைட்டிஸ் (அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தம்) கட்டுப்பாட்டில் உள்ளது. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்தது, பலகைக்கு இல்லை.

பலகை பிழைத்தாலும் விளிம்புப் பட்டை கொம்பில் முறிவதுண்டு. மர பைண்டிங் 2 மி.மீ. தடிமனில் தனியாக வளைய மறுக்கும். கொம்புப் பகுதியை 1.6க்கு இறக்கி, நான்கு பட்டைகளையும் அகலவாக்கில் சேர்த்துக் கட்டி, அதே இயந்திரத்தில், அதே குறிகளில் வளையுங்கள். கட்அவே பக்கத்துக்கு மட்டும் இரண்டு பட்டை உபரியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.