எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள்?

இரவு 11 மணிக்கு என் போன் அடித்தால் பெரும்பாலும் வட சென்னையின் வியாசர்பாடி, இல்லையென்றால் புளியந்தோப்பு. "வக்கீல் சார், புள்ளைய இட்னு பூட்டாங்க. சும்மா விசாரணைதான்றாங்க." என்ன கேஸ், எந்த ஸ்டேஷன் எல்லாம் அப்புறம். நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எத்தனை மணிக்குக் கூட்டிப் போனார்கள்?

பலருக்கு அது நினைவிருப்பதில்லை. அழுகையில் யார் கடிகாரம் பார்ப்பார்கள்?

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனத்தின் 22ஆவது பிரிவு. பயண நேரம் மட்டும் இதில் கழியும். இதை ஒரு தெருக் கூட்டத்தில் நான் விளக்கிக்கொண்டிருந்தபோது, காசிமேட்டில் மீன் எடுத்து விற்கும் அக்கா ஒருவர் குறுக்கே கேட்டார்: "அந்த 24 மணி எப்ப இருந்து சார் எண்றது?" சட்டக் கல்லூரியில் எங்கள் வகுப்பில் யாரும் கேட்காத கேள்வி. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

பையனை செவ்வாய் இரவு வீட்டிலிருந்து கூட்டிப் போவார்கள். வியாழன் காலைதான் கைது என்று காகிதத்தில் வரும். 'ரோந்து சென்றபோது சந்தேகத்துக்கிடமாக நின்றிருந்தார், போலீசைக் கண்டதும் ஓட முயன்றார்' என்று வாசகம் கூட மாறாது. நடுவில் இருக்கும் ஒன்றரை நாள் எந்தக் காகிதத்திலும் இல்லை. மாவுக்கட்டு விழுவது அந்த ஒன்றரை நாளில்தான்.

'பாத்ரூமில் வழுக்கி விழுந்து கை முறிந்தது' என்ற செய்திக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போடுகிறவர்களில் என் சொந்தக்காரர்களும் உண்டு. ரவுடிதானே, நல்லா வேணும் என்கிறார்கள். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜும் பென்னிக்ஸும் செத்தபோது அவர்களே கொதித்தார்கள். அந்த அப்பாவும் மகனும் செல்போன் கடை வைத்திருந்தவர்கள். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லித்தான் கூட்டிப் போனார்கள். ரவுடிக்கு ஒரு ஸ்டேஷன், கடைக்காரருக்கு ஒரு ஸ்டேஷன் என்று தனித்தனியாகவா கட்டி வைத்திருக்கிறார்கள்? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆதாரில் இருக்கும் முகவரியைப் படித்ததும் எதிரில் இருக்கும் போலீஸ்காரரின் குரல் 'நீங்க'விலிருந்து 'டேய்'க்கு இறங்குவதை நான் பக்கத்தில் நின்றே கேட்டிருக்கிறேன்.

சரி, என்ன செய்வது? முன்பு தந்தி கொடுப்போம். 'என் மகனை இத்தனை மணிக்கு அழைத்துச் சென்றனர், இன்னும் கோர்ட்டில் நிறுத்தவில்லை' என்று கமிஷனருக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் அனுப்பினால், தபால் ஆபீஸ் முத்திரையில் இருக்கும் நேரத்தை யாராலும் மறுக்க முடியாது. ஆளைக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லிப் போடும் ஆட்கொணர்வு மனுவுக்கு அதுதான் முதுகெலும்பு. 2013 ஜூலையோடு தந்தி போய்விட்டது. இப்போது அந்த இடத்தில் வாட்ஸ்அப்பும் ஈமெயிலும். பையனை ஜீப்பில் ஏற்றியதும் அண்ணனுக்கோ அத்தைக்கோ யாருக்காவது ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: எந்தத் தெரு, எத்தனை பேர், சீருடையா மஃப்டியா, வண்டி எண். பிறகு அதையே கமிஷனர் அலுவலகத்துக்கு ஈமெயிலாக. தெருமுனை மளிகைக் கடையில் கேமரா இருந்தால் மறுநாளே போய்ப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். சில நாளில் தானாக அழிந்துவிடும். கடைக்காரர் தயங்குவார், பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துப் போங்கள்.

'விசாரணை' என்ற பெயரில் ஒருவரை இரவெல்லாம் பெஞ்சில் உட்கார வைக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆஜராகச் சொல்லி எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும், அல்லது கைது செய்ய வேண்டும். அந்த நோட்டீஸ் பழைய சட்டத்தில் 41ஏ. 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 35(3). கோர்ட் வராண்டாவில் நாங்கள் இன்னும் 41ஏ என்றுதான் சொல்கிறோம். கைது என்றால் அதற்கான குறிப்பில் குடும்பத்தாரோ அந்தப் பகுதியில் மதிப்புள்ள ஒருவரோ சாட்சியாகக் கையெழுத்திட வேண்டும். டி.கே.பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996லேயே சொன்னது இது. உங்களிடம் அந்தக் காகிதத்தை நீட்டினால் நேரம் எழுதியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

வக்கீலுக்குப் பணமில்லை என்று தயங்க வேண்டாம். காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச சட்ட உதவிக்கு உரிமை உண்டு. 15100க்குப் போன் செய்யலாம்.

ரிமாண்டில் மாஜிஸ்திரேட் "அடிச்சாங்களா?" என்று கேட்பார். பையன்கள் பெரும்பாலும் "இல்ல சார்" என்பார்கள், கூட்டி வந்தவர் பின்னாலேயே நிற்கிறாரே. உண்மையைச் சொன்னால் அது பதிவாகும், மருத்துவப் பரிசோதனைக்கும் கேட்கலாம் என்று கூட்டங்களில் தொண்டை வறளச் சொல்கிறேன். அந்த நேரத்தில் யாருக்கும் வாய் வருவதில்லை.

ஒருமுறை ஒரு பையன் அப்படித்தான் "இல்ல சார்" என்றான். பத்தொன்பது வயது, முழுக்கைச் சட்டை, அதுவும் அவனுடையது மாதிரி இல்லை. கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனாவை இடது கையில் வாங்கிக் கோணலாகக் கிறுக்கினான். மாஜிஸ்திரேட் தலையைத் தூக்கி, "நீ இடது கைக்காரனாப்பா?" என்றார். பதில் இல்லை. சட்டைக் கையை மடிக்கச் சொன்னார். மடிக்க அவனால் முடியவில்லை.

"ஸ்டான்லிக்குக் கூட்டிப் போய் எக்ஸ்ரே எடுத்து வாங்க. நான் உட்கார்ந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் பேனாவை மூடி வைத்தார். அப்போது இரவு 9.40.