உங்கள் பையன் எந்த பொசிஷனில் ஆடுகிறான்?

"அவன் லைன்லதானே நிக்கிறான், பந்தையே தொடுறதில்லையே. அவனுக்கு எப்படித் தலையில அடிபடும்?"

டல்லாஸ் புறநகர் ஒன்றில் விளையாட்டுக் காயங்களுக்கான பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஆகஸ்டில் பள்ளிக்கூட அமெரிக்கன் ஃபுட்பால் பயிற்சி தொடங்கிவிட்டால், சீசன் முடியும்வரை நம் தமிழ்ப் பெற்றோர் யாராவது என்னிடம் இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். கடைசியாக வந்தவன் பத்தாம் வகுப்புப் பையன், லெஃப்ட் கார்டு. மூன்று வாரமாகத் தலைவலி, வெளிச்சம் பட்டால் கண் கூச்சம், கணக்குப் பாடத்தில் மனம் நிற்கவில்லை. கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று நினைத்து, வலி மாத்திரை கொடுத்து, தினமும் பயிற்சிக்கும் அனுப்பியிருக்கிறார்கள். அக்கறை இல்லாதவர்கள் இல்லை அவர்கள். கார்டு என்பவனுக்கு ஆட்டத்தில் என்ன வேலை என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

ஒரு பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசை நடுவில் ஐந்து பேர் நெருக்கமாக நிற்பார்கள்: மத்தியில் சென்டர், அவனுக்கு இருபுறமும் கார்டு, அவர்களுக்கு வெளியே டேக்கிள். இந்த ஐவரும்தான் லைன்மேன்கள். சென்டர் கால்களுக்கிடையே பந்தைப் பின்னால் கொடுக்க, குவார்ட்டர்பேக் வாங்குவான். அதை வீசலாம், ரன்னிங் பேக்கிடம் கொடுக்கலாம், தானே ஓடலாம். தூரத்தில் ஓடிப்போய்ப் பிடிப்பவர்கள் வைட் ரிசீவர்கள். டைட் எண்ட், தடுக்கவும் வேண்டும், பிடிக்கவும் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் முன்னால் டிஃபென்சிவ் லைன், பின்னால் லைன்பேக்கர்கள், ரிசீவர்களோடு ஒட்டி ஓடும் கார்னர்பேக்குகள், கடைசிக் காவலாக சேஃப்டிகள். உதைப்பதற்குத் தனி ஆட்கள். முதல் ஆட்டம் பார்க்க இது போதும். பந்து வைத்திருக்கும் அணியில் உங்கள் பிள்ளையின் ஜெர்சி எண் 50-க்கும் 79-க்கும் நடுவில் இருந்தால், அநேகமாக அவன் அந்த ஐவரில் ஒருவன்.

நம் மனதில் இருப்பது கிரிக்கெட். ஃபைன் லெக்கில் நிற்பவனுக்குப் பந்து வந்தால்தான் வேலை. லைன்மேனையும் அப்படியே எண்ணிவிடுகிறோம். தயவுசெய்து இந்த எண்ணத்தை விட்டுவிடுங்கள். பந்து அசைந்த அதே நொடியில் லைன்மேன் எதிரே நிற்பவன் மேல் மோதியாக வேண்டும். குவார்ட்டர்பேக் வீசினாலும் மோதல், ரன்னிங் பேக் ஓடினாலும் மோதல். பந்து மைதானத்தின் அந்தக் கோடிக்குப் போனாலும் இவனுக்கு இங்கே மோதல்தான். ஆட்டத்தில் மட்டுமல்ல, வாரம் முழுக்கப் பயிற்சியிலும் இதே வேலை. ரிசீவருக்காவது பந்து வராத முறைகளில் பெரும்பாலும் அடி இருக்காது. லைன்மேனுக்கு அந்த ஓய்வே கிடையாது.

ஹெல்மெட்டுக்குள் சென்சார் வைத்து அளந்த ஆய்வுகள் இதைத்தான் காட்டின. அடிகளின் எண்ணிக்கை லைன்மேன்களுக்கு மிக அதிகம், ஒவ்வொன்றும் சற்றுச் சிறியது. குவார்ட்டர்பேக்குக்கும் ரன்னிங் பேக்குக்கும் எண்ணிக்கை குறைவு, ஆனால் விழுவது பெரிய அடி. டிவி அந்தப் பெரிய அடியை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டுகிறது. நாமும் அதைப் பார்த்துவிட்டு, நம் பையன் தப்பித்தான் என்று நிம்மதியாக இருக்கிறோம். பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் அணியின் மைக் வெப்ஸ்டர் 2002-ல் இறந்தபோது அவருக்கு வயது 50. அவர் மூளையை ஆராய்ந்து, தலையில் திரும்பத் திரும்ப அடிபடுவதோடு தொடர்புடைய சி.டி.இ. எனும் மூளைச் சிதைவு இருந்ததை டாக்டர் பென்னட் ஓமலு 2005-ல் வெளியிட்டார். வெப்ஸ்டர் ஆடியது சென்டர். தொழில்முறை அணிகளின் லீக்கான என்.எஃப்.எல். 2022-ல் பயிற்சி முகாம்களில் ஹெல்மெட்டுக்கு மேல் மெத்தை உறையைக் கட்டாயமாக்கியபோதும் லைன்மேன், டைட் எண்ட், லைன்பேக்கர் ஆகியோருக்குத்தான் முதலில் மாட்டிவிட்டது.

அடுத்து பெற்றோர் என்னிடம் சொல்வது, "ஸ்கேன் நார்மல்னு சொல்லிட்டாங்களே." சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவையும் எலும்பு முறிவையும் தேடுவதற்கு. கன்கஷன், அதாவது அடியில் மூளை குலுங்கி வரும் பாதிப்பு, அதில் தெரியாது. பையன் சொல்வதைக் கேட்டும், அவன் பார்வையையும் நடையையும் நினைவையும் சோதித்தும்தான் கண்டுபிடிக்கிறோம். ஹெல்மெட்டும் அப்படித்தான்: மண்டை உடையாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது.

ஆகவே, எந்த பொசிஷன் என்று பையனிடம் இன்றே கேளுங்கள். இடம் மாற்றினால் மறுபடி கேளுங்கள். ஆட்டம் முடிந்து வந்ததும் "ஜெயிச்சீங்களா?" என்பதற்கு முன்னால் "தலை எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். தலைவலி, குமட்டல், மந்தம், காரணமில்லாத எரிச்சல், இதில் எது இருந்தாலும் மாத்திரை கொடுத்து மறைக்காதீர்கள். பள்ளியில் காயங்களைக் கவனிக்கும் அத்லெட்டிக் டிரெய்னரிடம் அன்றே சொல்லுங்கள். வாந்தி நிற்கவில்லை, பேச்சு குழறுகிறது, எழுப்பினாலும் எழவில்லை என்றால் 911, யோசிக்கவே வேண்டாம். வாஷிங்டன் மாநிலத்தில் 2006-ல் சாக்கரி லிஸ்டட் என்ற 13 வயதுப் பையன் தலையில் அடிபட்ட அதே ஆட்டத்தில் மறுபடி இறங்கி, கடும் மூளைக் காயத்துக்கு ஆளானான். அவன் பெயரால் 2009-ல் அங்கே சட்டம் வந்தது. இன்று 50 மாநிலங்களிலும் கன்கஷன் சட்டம் உண்டு. டீமில் இடம் போய்விடும் என்று பயந்து பையன்கள் மறைப்பார்கள். நீங்களும் சேர்ந்து மறைக்காதீர்கள், கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

லைன்பேக்கர், கார்னர்பேக், சேஃப்டி ஆடும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒன்று: தலையைக் குனிந்து, உச்சந்தலையால் மோதுவது கழுத்தெலும்பை முறிக்கும். அதைத் தடைசெய்து 1976-லேயே விதி வந்துவிட்டது. உங்கள் பையன் நிமிர்ந்த தலையோடு, தோளால் மோதுகிறானா என்று பயிற்சியில் நின்று பாருங்கள்.

கடைசியாக வெயில். லைன்மேன் என்றாலே உடம்பைக் கூட்டச் சொல்வார்கள். பருத்த உடம்பு, கனத்த கவசம், டெக்சாஸ் ஆகஸ்ட். மினசோட்டா வைக்கிங்ஸ் அணியின் டேக்கிள் கோரி ஸ்டிரிங்கர் 2001 ஆகஸ்ட் 1 அன்று, பயிற்சியில் வந்த வெப்பத்தாக்கால் 27 வயதில் இறந்தார். முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், மூன்றாம் நாள் முதல் தோள்கவசம், ஆறாம் நாள்தான் முழுக் கவசம் என்ற முறையை உங்கள் பள்ளி கடைப்பிடிக்கிறதா என்று விசாரியுங்கள். மைதானத்தில் ஐஸ் தண்ணீர்த் தொட்டி தயாராக இருக்கிறதா என்றும் கேளுங்கள். வெப்பத்தாக்கில் சரிந்தவனை முதலில் அதில் இறக்கிக் குளிர்விக்க வேண்டும், ஆம்புலன்ஸில் ஏற்றுவது அதற்குப் பிறகு.