மூன்றாம் சபையில் சேரும் முன் வீட்டில் கேட்டீர்களா?

"அக்கா, எனக்கு அசிசி பிரான்சிஸை ரொம்பப் பிடிக்கும். எப்ப சேத்துக்குவீங்க?"

கத்தோலிக்கத் திருச்சபையில், துறவியாகாத சாதாரண மக்கள் சேரும் மூன்றாம் சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். முதல் சந்திப்பில் அநேகமாக எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். புனிதரைப் பிடிப்பதில் தவறே இல்லை. ஆனால் மாதக் கூட்டத்துக்குப் புனிதர் வரமாட்டார். பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். ஒருவர் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். இன்னொருவர் எதிலும் குறை காண்பார். அவர்களோடுதான் உங்கள் காலம் கழியப்போகிறது. அதனால் நான் சொல்லும் முதல் யோசனை: ஆறு மாதம் எதற்கும் பெயர் கொடுக்காமல், சும்மா வந்து உட்காருங்கள்.

துறவறத்தார் முதல் சபை, அடைபட்ட மடத்துக் கன்னியர் இரண்டாம் சபை, வீட்டிலும் வேலையிலும் இருந்தபடியே அதே ஆன்மிகத்தை வாழும் பொதுநிலையினர் மூன்றாம் சபை. அசிசி பிரான்சிஸ் வழிவந்த பிரான்சிஸ்கன் மூன்றாம் சபைக்கு 1221-லேயே வாழ்க்கை விதி இருந்தது; இன்று நடைமுறையில் உள்ளது, திருத்தந்தை ஆறாம் பவுல் 1978-ல் ஒப்புதல் தந்த ஒழுங்கு. அந்தச் சபையின் பாதுகாவலர்கள் இருவருமே குடும்பஸ்தர்கள்: பிரான்சு அரசர் ஒன்பதாம் லூயி பதினொரு பிள்ளைகளின் தந்தை, ஹங்கேரியின் எலிசபெத் மூன்று பிள்ளைகளோடு இருபது வயதில் கைம்பெண் ஆனவர். குடும்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு வரும் இடம் இது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி மாற்றி. பயிற்சியில் இருந்தார், நல்ல ஆர்வம். நாளின் வேளைகளுக்கான செபங்கள் அடங்கிய திருப்புகழ்மாலைப் புத்தகத்தில் வண்ண நாடாக்களை ஒழுங்காக வைத்து, காலைச் செபத்தை ஒரு நாளும் விடாதவர். ஒரு கூட்டம் முடிந்ததும் அவருடைய மனைவி என்னிடம் வந்தார்.

"அக்கா, மூணு பிள்ளைங்களையும் குளிப்பாட்டி, சீருடை மாட்டி, பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புற நேரம் அது. இவரு கதவச் சாத்திக்கிட்டு செபம் பண்றாரு. கடவுளுக்குக் கேக்குதோ இல்லையோ, எனக்கு நல்லாக் கேக்குது."

அவரை அழைத்துப் பேசினேன். கோபப்பட்டார். பிறகு இரண்டு ஆண்டுகள் வரவே இல்லை.

சபைக்குச் சபை கேட்பது வேறு. அவிலா தெரேசா வழிவந்த கார்மேல் பொதுநிலையினர், தினமும் அரை மணி நேரம் மௌன செபத்தில் அமர வேண்டும். சபையின் வழியில் வாழ்வேன் என்று தரும் முதல் வாக்குறுதிக்கு முன் இரண்டு ஆண்டுகள், நிரந்தர வாக்குறுதிக்கு முன் மேலும் மூன்று ஆண்டுகள் பயிற்சி. தொமினிக்கன் வழியில் படிப்பு ஒரு தூண். புத்தகத்தைத் தொடவே பிடிக்காதவர் அங்கே திணறுவார். ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) வழியில் ஒரு குறிப்பிட்ட மடத்தோடு உறவு. பிரான்சிஸ்கன் சபையில் பயிற்சிக்காலம் குறைந்தது ஓராண்டு. இவ்வளவு நீளமாக வைத்திருப்பதே, நடுவில் எழுந்து போக வழி வேண்டும் என்பதற்காகத்தான் என்பது என் கருத்து. எழுந்து போனவர்களை நான் தோற்றவர்களாக எண்ணியதில்லை.

ஒரு விஷயத்தில் தவறு செய்திருக்கிறேன். கணவரை இழந்து சில வாரங்களே ஆன ஒரு பெண் வந்தார். எங்கள் குழுவில் ஆள் குறைந்துகொண்டிருந்த காலம் அது, உடனே சேர்த்துக்கொண்டோம். அவருக்குத் தேவைப்பட்டது அழ ஒரு தோள். நாங்கள் கொடுத்தது பாடத்திட்டம். சில மாதங்களில் மனம் நொந்து விலகிவிட்டார். மனம் இருண்டிருக்கும் நேரத்தில் ஏற்கெனவே எடுத்த முடிவை மாற்றாதே என்பார் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியார். புதிய முடிவுக்கும் அது பொருந்தும் என்பதை அந்தப் பெண்ணிடம்தான் கற்றேன். இப்போது துக்கத்தோடு வருகிறவர்களிடம், "ஒரு வருஷம் போகட்டும், அதுவரைக்கும் சும்மா வந்து எங்களோட இருங்க" என்கிறேன்.

இன்னொரு வகையினர், எதற்கெடுத்தாலும் பாவமோ என்று அஞ்சுகிறவர்கள். ஒரு செபம் தவறினால் தூக்கம் வராது. மூன்றாம் சபை விதிகளை மீறுவது தன்னளவிலேயே பாவம் என்று பொதுவாகச் சபைகள் சொல்வதில்லை. ஆனாலும் இவர்களுக்குக் கூடுதல் கடமை கூடுதல் சுமைதான். முதலில் பாவ அறிக்கை கேட்கும் ஒரே ஒப்புரவுக் குருவிடம் தொடர்ந்து போகட்டும். தேவைப்பட்டால் மனநல மருத்துவரையும் பார்க்கட்டும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

சபையின் பெயரைச் சொல்லிக்கொண்டு, இன்றே கையெழுத்துப் போடு, வீட்டுக்குத் தெரிய வேண்டாம், பங்குத்தந்தையிடம் பேசாதே, சொத்தை எழுதிக்கொடு என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். உண்மையான மூன்றாம் சபை, திருச்சபைச் சட்டம் 303 சொல்வதுபோல, ஒரு துறவறச் சபையின் மேல்நிலை வழிகாட்டுதலில் இயங்கும். எந்தச் சபை, யார் பொறுப்பு என்று கேளுங்கள். மறைமாவட்ட அலுவலகத்திலும் விசாரியுங்கள். நேர்மையான குழு அதற்காகக் கோபித்துக்கொள்ளாது.

கதவைச் சாத்திக்கொண்டு செபம் செய்த அந்தக் கணவர் திரும்பி வந்தார், மனைவியோடு. செபத்தை இரவுக்கு மாற்றிவிட்டாராம், பிள்ளைகள் தூங்கிய பிறகு. அந்தச் செபத்தில் வரும் திருப்பாடல்களை இரண்டு அணியாக எதிரெதிரே இருந்து மாறி மாறிச் சொல்லும் வழக்கம் உண்டு. ஒற்றை ஆளாகச் சொன்னால் மூச்சு முட்டும். "ஒரு வரி அவரு, ஒரு வரி நானு" என்றார் மனைவி. அந்த மனைவி சபையில் சேரவில்லை. நானும் கேட்கவில்லை.