கல்மரத்தில் பட்டையும் வேரும் தேடுகிறவர்களுக்கு

"கிணறு வெட்டும்போது கிடைத்தது சார், மரப்பட்டை மாதிரியே இருக்கு, எத்தனை கோடி வருஷம் இருக்கும்?" புவியியல் படித்தவன் என்று ஊருக்குத் தெரிந்துவிட்டால் இப்படிப் படங்கள் வந்தபடியே இருக்கும். நான் முதலில் கேட்பது கல்லின் உடைந்த முகத்தின் படத்தை. மேற்புறச் சொரசொரப்பு எதையும் உறுதிப்படுத்தாது. வெயிலிலும் மழையிலும் தேய்ந்த கல்மரத்தில், அதாவது கல்லாகிவிட்ட பழங்கால மரத்தில், உள்கட்டையின் நாரோட்டமே பட்டை போலத் துருத்தி நிற்கும்.

உண்மையில் நம் பக்கத்துக் கல்மரங்களில் பட்டை அபூர்வம். விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் சுமார் 2 கோடி ஆண்டுப் பழைய அடிமரங்கள் கிடக்கின்றன. கிளை இல்லை, பட்டை இல்லை, வேர் இல்லை. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டி வந்து மணலில் புதைத்த மரங்கள் இவை என்று புவியியலாளர்கள் சொல்வதற்கு இந்த 'இல்லை'களே ஆதாரம். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கும் கல்மரமும் கடல் படிவுப் பாறைக்குள் இருக்கிறது. அதுவும் மிதந்து வந்ததுதான்.

பட்டையையும் வேரையும் நன்றாகப் பார்க்க நிலக்கரிப் படிவுகளுக்குத்தான் போக வேண்டும். ஐரோப்பா, வட அமெரிக்க நிலக்கரிப் பாறைகளில் லெபிடோடெண்ட்ரான் என்ற, அழிந்துபோன மரத்தின் பட்டை, இலை உதிர்ந்த சாய்சதுரத் தழும்புகள் சுற்றிச் சுற்றி ஏறிய தடமாகப் பதிந்திருக்கும். பாம்புத் தோல் என்றே பலரும் நினைப்பார்கள். அதன் வேருக்கு ஸ்டிக்மேரியா என்று பெயர்; சிறுவேர்கள் ஒட்டியிருந்த வட்டக் குழிகள்தான் அடையாளம். கிளாஸ்கோ நகரப் பூங்கா ஒன்றில் 1887இல் வெளிப்பட்ட பதினொரு மரங்களின் அடிக்கட்டைகள் வேரோடு நின்ற இடத்திலேயே இருக்கின்றன. உள்ளே மரம் மக்கி, அந்த வெற்றிடத்தில் மண் நிரம்பி இறுகியவை என்பதால் அவற்றில் நாரோட்டத்தைத் தேடிப் பயனில்லை. நம் நாட்டு ராணிகஞ்ச், ஜாரியா நிலக்கரி வயல்களில் குளோசாப்டெரிஸ் என்ற, அழிந்துபோன மரத்தின் வேர் கிடைக்கும். கட்டம் கட்டமாக முதுகெலும்பு போலத் தெரிவதால் வெர்டெப்ரேரியா என்று பெயர் வைத்தார்கள்.

தமிழ்நாட்டில் 'வேர்' என்று என்னிடம் வருபவற்றில் இரண்டு வகை அதிகம். ஒன்று, தென்கோடிக் கடற்கரை மணல்மேடுகளில் கிடைக்கும் சுண்ணாம்புக் குழல்கள். வேரைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து இறுகியவை. வேரின் தடம் என்பது சரி, ஆனால் கல்மரம் ஆகாது. வயதும் மிகக் குறைவு. நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும். சிலிக்காவாக மாறிய கல்மரம் நுரைக்காது, கத்தி முனையால் கீறவும் முடியாது. இன்னொன்று, அரியலூர்ப் பக்கத்துக் கடல் படிவுகளில் உள்ள பழைய வளைகள், நண்டு போன்ற உயிர்கள் தோண்டியவை. வேர் போகப் போக மெலிந்து கிளைக்கும். வளை கடைசிவரை கிட்டத்தட்ட ஒரே தடிமனில் போகும்.

சந்தேகப்படும் கல்லை அசைக்காமல், பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து மேற்புறத்தையும் ஏற்கெனவே உடைந்திருக்கும் முகத்தையும் படமெடுங்கள். உடைக்க வேண்டாம். வேர் மண்ணடுக்கை ஊடுருவிக் கீழிறங்குகிறதா, அடுக்கோடு படுத்துக் கிடக்கிறதா என்று எழுதுங்கள். மரம் அங்கேயே வளர்ந்ததா என்பதற்கு அந்த ஒரு வரி போதும்; கல்லைப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதைச் சொல்ல முடியாது. திருவக்கரையும் சாத்தனூரும் தேசியப் புவியியல் நினைவுச்சின்னங்கள், அங்கிருந்து சிறு சில்லும் எடுக்கக் கூடாது.