ரேக்கில் கை வைக்கும் முன் ஸ்டியரிங்கைக் கட்டுங்கள்

ஸ்டியரிங் ரேக் (வீலின் சுழற்சியை முன் டயர்களுக்குக் கொண்டுபோகும் பல்தண்டு) மாற்றியபின் ஏர்பேக் லைட் அணையவில்லை, ஹோர்னும் அடிக்கவில்லை என்று கராஜுக்கு வரும் கார்களில் புது ரேக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. பழையதைக் கழற்றிய விதத்தைத்தான் முதலில் விசாரிப்பேன்.

ஸ்டியரிங் வீலுக்குப் பின்னால் ஸ்பைரல் கேபிள் என்று ஒரு சுருள் இருக்கிறது. ஏர்பேக், ஹோர்ன் இரண்டுக்கும் இணைப்பு அதன் வழியாகத்தான். வீலை அளவுக்கு மீறிச் சுற்றவிடாமல் தடுப்பது கீழே உள்ள ரேக். வீலின் தண்டை ரேக்கோடு இணைக்கும் ஜொயின்ட்டைப் பிரித்ததும் அந்தத் தடுப்பு போய்விடும். உள்ளே ஏறுகிற ஒருவர் வீலைப் பிடித்துச் சுற்றினாலே சுருள் அறுந்துவிடலாம். ஆகவே டயரை நேராக வைத்து, சீட் பெல்ட்டை வீலுக்குள் கோர்த்துப் பூட்டிவிடுங்கள். திரும்ப அதே நிலையில் பூட்டுவதற்காக, ஜொயின்ட்டிலும் அது மாட்டும் ரேக்கின் பினியன் தண்டிலும் சேர்த்து பெயின்ட்டால் ஒரு கோடும் போடுங்கள். செலவே இல்லாத வேலை, ஆனாலும் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

அதற்கும் முன்னால், உண்மையில் ரேக்தான் பழுதா? ஆல்டோ, விட்ஸ் போன்ற கார்களில் ஸ்டியரிங்குக்கு உதவும் மோட்டரும், வீலைத் திருப்பும் விசையை அளக்கும் டோர்க் சென்சரும் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் கொலத்தில் (வீலைத் தாங்கும் தண்டுப் பகுதியில்) இருக்கின்றன. அடியில் உள்ள ரேக்கில் இருப்பது வெறும் பல்சக்கரம். ஈபிஎஸ் (மின்சார பவர் ஸ்டியரிங்) லைட் எரிந்தவுடன் கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தைக்கு ஓடி ரீகண்டிஷன் ரேக் வாங்கினால் காசுதான் போகும். பற்றரி பலவீனமானாலும் அந்த லைட் எரியலாம். முதலில் ஸ்கேன் செய்யுங்கள்.

மோட்டர் ரேக்கிலேயே இருந்தால், பற்றரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டுக் கொஞ்சம் பொறுக்க வேண்டும். டொயோட்டா கேட்பது குறைந்தது 90 விநாடி. அதுவரை ஏர்பேக்கில் மின்சாரம் மிச்சமிருக்கலாம். ஹைபிரிட் கார் என்றால் உயர் மின்னழுத்த ஓரஞ்சு வயர்கள் பக்கம் போகவேண்டாம், அது அதற்கென்று பயிற்சி பெற்றவரின் வேலை.

ஜாக்கை மட்டும் நம்பிக் கீழே படுக்காதீர்கள், ஸ்டான்ட் போடுங்கள். பல கார்களில் சப்ஃப்ரேமை (முன்பக்க அடிச்சட்டத்தை) இறக்கினால்தான் ரேக் வெளியே வரும். எஞ்சின் மவுண்ட் அதில் இருந்தால் எஞ்சினுக்கும் முட்டுக் கொடுக்க வேண்டும். ரேக்கை டயர் பக்கத்தோடு இணைக்கும் டைரொட் எண்டைக் கழற்ற புல்லர் இருக்க, சுத்தியல் எதற்கு? மோட்டரையோ வயரையோ பிடித்து ரேக்கைத் தூக்காதீர்கள். கீழே விழுந்த ரேக் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் நான் பூட்டமாட்டேன்.

பூட்டியபின், நட்டு கழலாமல் தடுக்கும் ஸ்பிளிட் பின் புதிது போடுங்கள். வீல் அலைன்மென்ட்டும் ஸ்கேனரில் டோர்க் சென்சரின் சைபர் நிலை சரிசெய்தலும் முடிந்ததா என்று கேளுங்கள். சென்சர் சரிசெய்தல் விடுபட்டால் ஸ்டியரிங் ஒரு பக்கம் லேசாகவும் மறுபக்கம் பாரமாகவும் திரும்பலாம்.