மாய் தாய்: ஒரு கிளாஸில் இருப்பது ஒரு பெக் அல்ல

பசிபிக் தீவுகளின் பாணியில் அமைந்த ‘டிக்கி’ பார்களின் காக்டெயில்கள் பழச்சாறு போல இறங்கும், ஆபத்தும் அதில்தான். மாய் தாயையே எடுத்துக்கொள்வோம். 1944இல் கலிஃபோர்னியாவின் ஓக்லாந்தில் ‘ட்ரேடர் விக்’ பெர்ஜரான் உருவாக்கியது. 60 மி.லி. முதிர்ந்த ரம், 15 மி.லி. குராசோ என்னும் ஆரஞ்சு மதுபானம், 15 மி.லி. ஓர்ஷா என்னும் பாதாம் சிரப், 7.5 மி.லி. கற்கண்டுப் பாகு, ஒரு லைமின் சாறு (25 முதல் 30 மி.லி.). நொறுக்கிய ஐஸோடு பத்து விநாடி குலுக்கி, வடிகட்டாமல் அப்படியே கிளாஸில் கொட்ட வேண்டும். மேலே பிழிந்த லைம் மூடியும் புதினாக் கொத்தும்.

ரம்மும் குராசோவும் 40% என்றால், இதில் தூய ஆல்கஹால் 30 மி.லி., எடையில் சுமார் 24 கிராம். அமெரிக்காவில் ஒரு ‘டிரிங்க்’ என்பது 14 கிராம். ஆக ஒரே கிளாஸ், கணக்கில் ஏறக்குறைய ஒன்றே முக்கால். மேலே 63% ஓவர்புரூஃப் (வழக்கத்தைவிடக் கடுமையான) ரம் 15 மி.லி. மிதக்கவிட்டால் இரண்டைத் தாண்டிவிடும். ஸ்ட்ராவின் முனை அடியில் இருப்பதால் அந்த ரம் கடைசியில்தான் வாய்க்கு வரும். “லைட்டாத்தான் இருக்கு” என்று அடுத்ததைக் கேட்பவர், முதல் கிளாஸின் முழு வேகத்தையும் இன்னும் உணர்ந்திருக்க மாட்டார். ஜிகர் என்னும் அளவுக் கோப்பை இல்லாமல் கண்ணளவாக ஊற்றுவதை நாங்கள் ஒருபோதும் ஏற்பதில்லை.

மாய் தாய் 1953இல் ஹவாய்க்குப் போன பிறகு அதில் அன்னாசிச் சாறு சேர்ந்தது. சாறு கூடினால் ஆல்கஹால் குறைந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ரம்மின் அளவு மாறாதவரை கிராம் கணக்கு அதேதான்; காரம் தெரியாததால் குடிக்கும் வேகம்தான் கூடும்.

ஓர்ஷா பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது பாதாம். கொட்டைப் பருப்பு ஒவ்வாமை உள்ளவருக்கு 15 மி.லி. தேவையில்லை, சில துளிகளே போதும். மெனுவில் ‘ஓர்ஷா’ என்று மட்டும் அச்சிட்டால் யாருக்கும் விளங்காது. ‘பாதாம் சேர்ந்தது’ என்று எழுதுங்கள், ஆர்டர் எடுக்கும்போது வாயாலும் கேளுங்கள். பிறகு அதே ஷேக்கரை வெறும் தண்ணீரில் அலசி, ஓர்ஷா சேராத ரம் காக்டெயிலான டாக்கிரி போட்டுக் கொடுக்காதீர்கள். ஷேக்கர், ஜிகர், வடிகட்டி மூன்றையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள். வீட்டில் செய்த ஓர்ஷா பாட்டிலில் பிரிந்து நிற்கும். குலுக்காமல் ஊற்றினால் ஒரு கிளாஸ் நீர்த்தும் அடுத்தது கொழகொழவென்றும் வரும்.

வகைகளை ருசிக்க வேண்டுமென்றால் மற்றதெல்லாம் அப்படியே இருக்க, ரம்மை மட்டும் மாற்றுங்கள். ஜமைக்கா ரம்மில் அதிகம் பழுத்த வாழைப்பழ வாசம் தூக்கும். மார்ட்டினிக்கின் கரும்புச்சாற்று ரம்மில் பச்சைப் புல்வாசம். கயானாவின் டெமராராவில் கருகிய சர்க்கரையின் கனம். முதலில் பயன்படுத்திய 17 வருட ஜமைக்கா ரம் தீர்ந்துபோனபின் விக்கே ஜமைக்கா, மார்ட்டினிக் ரம்களைக் கலந்துதான் சமாளித்தார். இன்றும் பாதிக்குப் பாதி அந்தக் கலவைதான் எங்கள் தேர்வு. புளிப்பு மழுங்கியிருந்தால் பெரும்பாலும் சாறு பழசு. ரம்மைக் குறை சொல்ல வேண்டாம்.

ஒரு கிளாஸை நான்கு பேருக்குப் பகிர்ந்தாலும் ஆளுக்கு 6 கிராம். மூன்று வகை ருசித்தால் 18. ஓவர்புரூஃப் கடைசியில் வரட்டும், ஒவ்வொன்றுக்கும் நடுவே தண்ணீர் குடிக்கட்டும். வண்டி ஓட்ட வேண்டியவருக்கு இந்த மேசையில் இடமில்லை.