கராஜ் தரை ஏன் காய மறுக்கிறது?

“கூரை ஒழுகவில்லை, குழாய் கசியவில்லை. ஆனாலும் ஜனவரி முழுக்க கராஜ் தரை ஈரம். துடைத்துவிட்டுப் போனால் மறுநாளும் சொதசொதவென்று கிடக்கிறது” என்று டொரன்டோ வாசகர் ஒருவர் கேட்கிறார்.

தண்ணீரைக் கொண்டுவருவது கார்தான். சக்கர வளைவில் அப்பிய பனி, சக்கரத்துக்கு 5 கிலோ என்றாலே மொத்தம் 20 லிட்டர். காருக்கு அடியில் 10 சதுர மீட்டரில் பரவினால் 2 மில்லிமீட்டர் ஆழம். தரை கதவுப் பக்கம் மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர் சரிந்திருந்தால் வடிந்துவிடும். நடுவில் அமிழ்ந்திருந்தால் தேங்கும். நிலத்து ஈரமோ என்று சந்தேகமா? காய்ந்த இடத்தில் 45 சென்டிமீட்டர் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். தாளுக்கு அடியில் துளிகள் கோத்தால் நிலத்து ஈரம். மேற்புறம் மட்டும் நனைந்தால் காற்றின் ஈரம்.

இனி, அது ஏன் காய்வதில்லை? அடைமழைக் காலத்தில் கல்லுப்பு ஜாடி தானாகவே நீர் விட்டுக்கொள்ளுமே, அதேதான் இங்கும். காரோடு வருவது வெறும் நீரல்ல, பனி உருகச் சாலையில் தூவிய உப்பும்தான். உப்பின் அயனிகள் நீர் மூலக்கூறுகளைப் பிடித்துவைத்துக்கொள்வதால் ஆவியாகித் தப்புபவை குறைவு. காற்றின் ஈரப்பதம் 100 விழுக்காட்டை எட்டும்வரை நல்ல தண்ணீர் ஆவியாகும். செறிந்த உப்புநீரோ 75 விழுக்காட்டிலேயே நின்றுவிடும். அதற்குமேல் ஈரம் ஏறினால், காற்றிலிருந்து நீரை உறிஞ்சத் தொடங்கும். கடுங்குளிருக்கென்று விற்கும் பனி உருக்கும் உப்பான கால்சியம் குளோரைடு இன்னும் பேராசைக்காரி: குளிர்ந்த தரையில் சுமார் 40 விழுக்காட்டிலேயே உறிஞ்சும். மூடிய கதவு, உள்ளே நனைந்த கார்; ஈரப்பதம் எங்கே குறையப்போகிறது? நீங்கள் துடைத்தது நீரை. உப்பு சிமெண்டின் நுண்துளைக்குள் இருக்கிறது. மறுநாள் ஈரத்தைக் கூப்பிடுவது அதுதான். 10 விழுக்காட்டு உப்புநீர் மைனஸ் 6 டிகிரியிலும் உறையாது என்பதால் குட்டை குட்டையாகவே கிடக்கும்.

ஆகவே மின்விசிறியை நம்பாதீர்கள். அது உப்புநீரைச் செறிவாக்கும், அவ்வளவே. வண்டியை உள்ளே விடுமுன் சக்கர வளைவுப் பனியைத் தட்டிவிடுங்கள். உருகியதை அன்றே வைப்பரால் வெளியே தள்ளுங்கள். பூஜ்யத்துக்கு மேல் போகும் நாளில் ஒரு வாளி நல்ல தண்ணீர் ஊற்றி, அதையும் தள்ளிவிடுங்கள். இந்த நல்ல தண்ணீர் வாளியைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். காருக்கு அடியில் விளிம்பு உயர்ந்த பாய் விரித்தால் நீர் அதிலேயே நிற்கும். ஆனால் நிரம்புமுன் ஈரம் உறிஞ்சும் வாக்குவத்தால் எடுத்தாக வேண்டும். கராஜுக்கு ஹீட்டர் போடுவது காருக்கு நல்லது என்ற நம்பிக்கை எனக்கில்லை. உப்பில் ஊறிய இரும்பு வெதுவெதுப்பில்தான் வேகமாகத் துருப்பிடிக்கும்.

சிலேன் பூச்சு தரைக்குள் நீரும் உப்பும் இறங்குவதைக் குறைக்கும். ஆனால் அதைக் கோடையில், தரையைக் கழுவி நன்றாகக் காயவிட்ட பிறகே பூச வேண்டும்.

தள்ளிய நீர் கதவடியில் உறைந்து ரப்பரைப் பிடித்துக்கொண்டால், கதவு திறக்கும் பொத்தானை அழுத்தாதீர்கள், ரப்பர் கிழியும். வெந்நீர் ஊற்றினால் அதுவும் உறைந்து இன்னொரு அடுக்காகும். பிளாஸ்டிக் சுரண்டியால் ஓரத்திலிருந்து விடுவித்து, ரப்பரைத் துடைத்துச் சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள்.